மன்னவனூர்: இருட்டினால்தான் ஆரம்பம்!

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். ஏரி, பச்சைப் புல்வெளி, மத்திய அரசின் செம்மறி ஆட்டுப் பண்ணை, சரிவெங்கும் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள். பெரும்பாலானவர்கள் மதியம் வந்து, செல்ஃபி எடுத்து, குளிர் ஏறும் முன் கிளம்பிவிடுவார்கள். அந்துப்பூச்சிப் பிரியர்களுக்கோ அதன் பிறகுதான் வேலையே!

பெரிய கருவிகள் தேவையில்லை. தங்கும் இடத்தின் முற்றத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, முன்னால் விளக்கு வைத்தால் போதும். காய்ந்த சருகு போல ஒன்று, மரப்பட்டை போல இன்னொன்று, பறவையின் எச்சம் போலவே ஒன்று என வந்து உட்காரும்.

விளக்கின் மேல் விட்டிலுக்குக் காதல் என்று காலங்காலமாகச் சொல்கிறோம். உண்மை வேறு. வானம்தான் வெளிச்சமாக இருக்கும் என்று நம்பி, வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டியே பறக்கும் பழக்கம் அதற்கு. பக்கத்தில் விளக்கு எரிந்தால் மேல் எது, கீழ் எது என்று குழம்பிச் சுற்றுகிறது. 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேக கேமராவில் படம்பிடித்து இதைக் காட்டியது. காதல் இல்லை பாவம், தலைசுற்றல்!

இந்தப் பைத்தியம் புதிதல்ல. தேயிலைத் தோட்டம் போட நீலகிரிக்கு வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர், அங்கே அந்துப்பூச்சிகளிடம் சிக்கிக்கொண்டார். லண்டன் திரும்பியவர், 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகள் பற்றி நான்கு தொகுதிகள் எழுதி முடித்தார்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நட்சத்திரம், அட்லஸ் அந்துப்பூச்சி. விரித்த உள்ளங்கையை விடப் பெரியது. சிறகு நுனியில் பாம்புத் தலை போன்ற வடிவம். எங்கே தென்பட்டாலும் 'ராட்சத வண்ணத்துப்பூச்சி' என்று செய்தியாகிவிடும்! 1961-ல் ஜப்பான் திரையில் பறந்த ராட்சத அந்துப்பூச்சி 'மோத்ரா'வை ரசிகர்கள் இன்றுவரை வரைந்து தள்ளுகிறார்கள். பஞ்சு உடம்பு, சீப்பு போன்ற உணர்கொம்பு, கையில் ஒரு விளக்கு எனக் குட்டிப் பொம்மைகளாக வரைபவர்களும் உண்டு. அதன் வாயில் மிட்டாய் வைத்து வரைந்தால்தான் தப்பு. வளர்ந்த அட்லஸால் சாப்பிடவே முடியாது. புழுவாக இருந்தபோது தின்ற இலைதான் கடைசிவரை சோறு.

அதனால்தான் வெளிச்சம் அதற்கு ஆபத்து. கூட்டை விட்டு வந்தபின் ஒன்று, இரண்டு வாரங்கள்தான் ஆயுள். அதற்குள் துணை தேடி, முட்டையிட வேண்டும். விடிய விடிய எரியும் ஒரு வாசல் விளக்கைச் சுற்றியே அதில் ஓர் இரவு போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மஞ்சள் பல்பு என்றால் தொல்லை குறைவு.

கொடைக்கானல் செல்ல இ-பாஸ் கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம். அனுமதியின்றி இரவில் காட்டுக்குள் போகக் கூடாது, முற்றமே போதும். வேட்டியை மடிக்கும்போது அவசரமாக உதற வேண்டாம். மடிப்புக்குள் யாராவது இன்னும் உட்கார்ந்திருக்கலாம்!