உள்ளான் தேடிய ஒரு நாள்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

கோடிக்கரை என்றதும் நம் மாணவ நண்பர்களுக்குக் கல்கியின் பூங்குழலிதான் நினைவுக்கு வருவாள். எனக்கு வருவது கொசு உள்ளான். சிட்டுக்குருவி அளவே உடம்பு; எடை இருபது, முப்பது கிராம். வடதுருவத்தை ஒட்டிய தூந்திரச் சமவெளியில் பொரித்து, அங்கே பனி மூடும் முன்பே தெற்கே புறப்பட்டு, குளிர்காலத்தில் நம் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்கிறது. பாஸ்போர்ட் கேட்பார் யாருமில்லை!

சனவரியில் ஒரு ஞாயிறு. வேதாரண்யத்திலிருந்து முதல் பேருந்தில் நால்வர் போனோம், எங்கள் விரிவுரையாளருடன். நால்வருக்கும் ஒரே தொலைநோக்கி. காலை முழுவதும் சண்டைதான் மிச்சம். தூரத்தில் பூநாரைக் கூட்டம் தெரிந்ததே தவிர, உள்ளான் ஒன்றுகூட இல்லை.

உப்பளக் கரையில் ஒரு பெரியவர் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க தண்ணி முழங்கால் ஆழம். அதுக்குக் கால் எவ்வளவு உசரம்னு பாத்தீங்களா? சேறு தெரியுற இடத்துக்கு வாங்க."

பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம் படித்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டார். நெடுங்கால் உள்ளான் ஆழத்தில், பவளக்காலி அதற்கு இப்பால், கொசு உள்ளான் நீரும் சேறும் சேரும் ஓரத்தில் என்று காலுக்கும் அலகுக்கும் ஏற்ற இடம். அவர் காட்டிய பாத்தியில் ஒரு கூட்டம் தையல் இயந்திரத்து ஊசிபோலச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. நானூறு வரை எண்ணினோம்.

"எங்கப்பா காலத்துல இதுங்க எழும்பினா வெயில் மறையும்" என்றார் பெரியவர். சிறுவயதில் தகப்பனாருடன் வலை பிடித்தவராம். "மழைக்காலத்துல உப்பளத்துல வேலை கிடையாது. அந்தச் சமயத்துலதான் இதுங்களும் வரும். அடுப்பு எரியணுமே, தம்பி."

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தை எடுத்துச் சொல்ல நண்பன் ஒருவன் வாயெடுத்தான். விரிவுரையாளர் கையமர்த்தினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இதே கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவதையும், அதற்குப் பீகாரிலிருந்து மீர்ஷிகார் என்னும் பரம்பரை வேட்டைக்காரர்களையே அமர்த்தியதையும் சொன்னார்.

"பிடிச்சு, விட்டுடறதுக்குக் கூலியா?" பெரியவர் சிரித்தார். பிறகு தயங்கி, "அந்த வளையம் ஒண்ணு எங்க வீட்டுல ரொம்ப நாள் கிடந்துச்சு. சுத்தம் பண்றப்ப கால்ல இருந்துச்சு" என்றார்.

விரிவுரையாளர் சட்டென்று எழுந்துவிட்டார். அந்த எண் கிடைத்தால் பறவைக்கு என்று, எங்கே வளையமிட்டார்கள் என்பதே தெரிந்துவிடும். "எண் ஞாபகம் இருக்கா, ஐயா?"

"படிக்கத் தெரிஞ்சாத்தானே? மக விளையாடித் தொலைச்சிட்டா. அவளுக்கே இப்ப பேரன் பொறந்தாச்சு."

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. விரிவுரையாளர் மட்டும் குறிப்பேட்டைத் திறந்து, அந்த வளையம் எந்த வருடத்தது என்று விசாரித்துக்கொண்டே நடந்துவந்தார்.