நோவைச் சொல்லத் தயங்க வேண்டாம்

2009ஆம் ஆண்டு பட்ட ஷெல் துண்டுகள் இன்னும் என் இடுப்பிலும் தொடையிலும் இருக்கின்றன. பகலில் வேலையோடு வேலையாக நோவைத் தாங்கிவிடுவேன். இரவில்தான் கால் நெருப்பாய் எரியும்.

என் மச்சாளுக்கு மார்புப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியபோது மோர்பின் குளிசை கொடுத்தார்கள். படுக்கையில் திரும்பவே அழுதவர், பிறகு பேத்தியை மடியில் வைத்துத் தலை இழுத்துவிட்டார். அந்தக் குளிசையை நானும் கேட்டேன். ஒரு வைத்தியர், "அது உங்களுக்கு இல்லை" என்று சொல்லி அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். இன்னொருவர், "பழைய காயம் இப்ப நோகாது, எல்லாம் மனம்தான்" என்றார். அன்று அழுதுகொண்டுதான் பஸ் ஏறினேன்.

பின்பு ஒரு இளம் வைத்தியர் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். கடும் புற்றுநோய் நோவுக்கு மோர்பின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழிகாட்டியது. அடிமையாகிவிடுவார்கள் என்ற பயத்தில் பல வைத்தியர்கள் அதற்கும் தயங்கினார்கள். கேரளாவில் வைத்தியர் ராஜகோபாலும் தோழர்களும் 1993இல் கோழிக்கோட்டில் கிளினிக் தொடங்கி, மோர்பினை வீட்டுக்கே கொடுத்தார்கள். 1,700இற்கு மேற்பட்ட நோயாளரை இரண்டு வருடம் கவனித்ததில் அந்த மருந்து தவறான வழியில் போனதாகக் காணப்படவில்லை.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 1990களின் பிற்பகுதியிலிருந்து நாரி நோ, மூட்டு நோவுக்கெல்லாம் இவ்வகைக் குளிசைகளை அள்ளிக் கொடுத்தார்கள். பலர் அடிமையாகி இறந்தார்கள். வருடக்கணக்கில் எடுத்தால் உடம்பு பழகி, அளவு கூடிக்கொண்டே போகும். என்னைப் போன்றவர்களுக்குத் தரத் தயங்குவது இதனால்தான்.

என்னுடையது நரம்பு நோவாம். அதற்கு அமிற்றிப்ரிலின் சிறிய அளவில் இரவில் தந்தார். "அது மனவருத்தக் குளிசை" என்று அயலில் சொன்னார்கள். மனச்சோர்வுக்கும் கொடுப்பதுதான், நரம்பு நோவையும் குறைக்கும். நோ முற்றாகப் போகவில்லை. ஆனால் இப்போது நாலு மணித்தியாலம் நித்திரை கொள்கிறேன்.

சகோதரிகளே, எரிவா, குத்தா, எந்த நேரம், எந்த வேலை செய்ய முடியவில்லை என்று வைத்தியரிடம் விபரமாகச் சொல்லுங்கள். மருந்தை மறுத்தால் ஏன் என்று கேளுங்கள், வேறு என்ன வழி என்றும் கேளுங்கள். மற்றவரின் மோர்பினை வாங்கிக் குடிக்காதீர்கள், மூச்சை நிறுத்திவிடும். வீட்டில் புற்றுநோயாளர் இருந்தால், "பழகிவிடும்" என்று அவருடைய குளிசையை ஒளித்து வைக்காதீர்கள். ஒரு மருந்து வேண்டாம் என்று வைத்தியர் சொல்லலாம். நோவே இல்லை என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.