உதவியைக் குறைக்கும் கைகள்

இயந்திரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. நான் உள்ளே வந்து இருபது நிமிடம் ஆகிறது. சென்னையில் உள்ள ஒரு சிகிச்சை மையத்தின் நடைப்பயிற்சி அறையில், ஏழு வயதுப் பையன் ஒருவனை இயந்திரத்துக்குத் தயார்செய்துகொண்டிருந்தார் பிசியோதெரபிஸ்ட். இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரை அளந்தார். முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்தார். போன மாதக் குறிப்போடு ஒப்பிட்டுவிட்டு, "வளர்ந்துட்டியே தம்பி!" என்றார். பையன் சிரித்தான். அவர் இயந்திரக் காலின் நீளத்தைத் திருகி மாற்றினார். ஒவ்வொரு பெல்ட்டையும் இறுக்கியபின் அதற்குள் ஒரு விரலை விட்டுத் தோல் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

அதற்கும் முன்னால் பையனின் கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் பிடித்து மிக மெதுவாக நீட்டிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். "வெடுக்குனு இழுத்தா தசை சண்டைக்கு வரும் சார். நிதானமா போனா அதுவே விட்டுக்கொடுக்கும்" என்றார். மூளை முடக்குவாதத்தில் வரும் விறைப்பின் இயல்பு அது: இழுக்கும் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். இதை அவர் பாடத்தில் படித்திருப்பார். எவ்வளவு மெதுவாக என்பதை அவருடைய உள்ளங்கைதான் கற்றிருக்கிறது.

பையன் குறைமாதத்தில் பிறந்தவன். பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ வளரும் மூளையில் விழுகிற காயத்தால் வருவது மூளை முடக்குவாதம். குறைப்பிரசவம், ஆக்சிஜன் தடை, கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. கடினமான பிரசவத்துக்கும் இந்த விறைப்புக்கும் உள்ள தொடர்பை லண்டனில் 1861இல் மருத்துவர்கள் முன் எடுத்துச் சொன்னவர் வில்லியம் ஜான் லிட்டில். அவருக்கே பாதம் வளைந்திருந்தது. மூளைக் காயம் நாளாக நாளாகப் பெருகுவதில்லை. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு விறைத்த தசை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும், மூட்டு மடங்கும். அதனால் வளரும் வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

ஒருவழியாக இயந்திரம் ஓடியது. மேலிருந்து ஒரு தூக்குப்பட்டை உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்க, கீழே பட்டை நகர, இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் கால்களை எடுத்து வைத்தன. சூரிச்சில் உருவான 'லோகோமாட்' இந்த வகையில் முன்னோடி. அதன் குழந்தைகளுக்கான கால் பொருந்த, தொடை 21 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனமும் 'ஜி கெய்ட்டர்' என்ற நடைப்பயிற்சி இயந்திரத்தைச் செய்கிறது. மலக்குழிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று 'பேண்டிகூட்' ரோபோவைச் செய்தவர்கள்தான் இவர்கள் என்று அறிந்தபோது மனம் நிறைந்தது.

பையன் நடந்தான். திரையில் ஒரு பொம்மைச் சிறுவனும் நடந்தான். நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரபிஸ்ட் பையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் அவன் பார்வை ஜன்னல் பக்கம் போனது. கால்கள் மட்டும் பிசகாமல் நடந்துகொண்டிருந்தன. உடனே அவர் இயந்திரம் தரும் உதவியைக் குறைத்தார். பொம்மைச் சிறுவன் தள்ளாடினான். பையன் திடுக்கிட்டுத் திரைக்குத் திரும்பி, பல்லைக் கடித்து முழங்காலை உயர்த்தினான்.

"நூறு சதவீதம் மெஷினே தூக்கிட்டா அவன் பயணிதான் சார். டிக்கெட் எடுத்து உக்காந்துக்குவான். கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். ரொம்ப எடுத்தா பயந்துருவான், விறைப்பு ஏறிரும். எவ்வளவு எடுக்கறதுங்கறதுதான் எங்க வேலையே" என்றார்.

இந்தத் தொழிலின் மையம் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. நம் வீடுகளில் நடைவண்டி இருந்தது. மூன்று சக்கரம், ஒரு குறுக்குக்கட்டை. அது குழந்தையை நடத்தியதில்லை. குழந்தைதான் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தது. ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2013இலும் 2020இலும் உலக ஆய்வுகளைத் தொகுத்து, சிகிச்சைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளாகப் பிரித்துக் காட்டினார்கள். குழந்தை தனக்கு வேண்டிய ஒன்றுக்காகத் தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிக்குப் பச்சை விளக்கு கிடைத்தது. இயந்திர நடை வழக்கமான நடைப்பயிற்சியை வென்றுவிட்டதாக ஆய்வுகள் உறுதி சொல்லவில்லை. சலிக்காமல் நூற்றுக்கணக்கான அடிகளை எடுத்துவைக்க அது வாய்ப்புத் தருகிறது. அந்த அடிகளைக் குழந்தையின் சொந்த அடிகளாக்குவது பக்கத்தில் நிற்பவரின் வேலை.

அடுத்த அறையில் ஒன்பது வயதுச் சிறுமி, கேமரா முன் நின்று திரைக் குமிழிகளை உடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை பலவீனமானது. நன்றாக இயங்கும் இடது கைக்கு மெத்தென்ற உறை மாட்டியிருந்தார்கள். அது சும்மா இருந்தால்தான் வலது கைக்கு வேலை வரும். அவள் நான்கு குமிழிகளைத் தொடர்ந்து உடைத்ததும், பயிற்சியாளர் ஐந்தாவதை ஒரு சாண் மேலே வைத்தார். எட்டாமல் போகும் உயரமும் இல்லை, எளிதில் எட்டும் உயரமும் இல்லை.

கட்டடத்தின் பின்புறம் பிளாஸ்டர் தூள் படிந்த பட்டறை. நடுவயதுத் தொழில்நுட்பர் ஒருவர், குழந்தையின் பாதத்தைச் செங்கோணத்தில் பிடித்து மாவுக்கட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். கணுக்கால் எலும்பு துருத்தும் இடங்களில் அழியாப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். அந்த மை மாவுக்கட்டின் உட்புறம் ஒட்டி, பிறகு அதற்குள் வார்க்கும் அச்சுக்கும் இறங்கும். அச்சில் அந்த இடங்களைச் சற்றுத் தடிப்பாக்குவார். அப்போதுதான் பாதத்தைத் தாங்கும் ஸ்பிளின்ட் முடிந்தபின் எலும்பை உரசாது. பாலிபுரொப்பிலீன் தகட்டை அடுப்பில் கண்ணாடிபோலத் தெளியும்வரை சூடாக்கி, அச்சின்மேல் போர்த்தி, பம்ப்பால் காற்றை உறிஞ்சி ஒட்டவைத்தார். தகடு தெளிந்தபின் கை தயங்கினால் சுருக்கம் விழுந்துவிடும்.

"ஓரத்துல ஒரு நூலளவு பிசிர் இருந்தாலும் புள்ள போடாதுங்க. போடலைன்னா நான் செஞ்சது பீரோ மேலதான் இருக்கும்" என்றபடி விளிம்பைத் தேய்த்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மோட்டார் பொருத்திய இயந்திரம் வாரத்தில் சில அரைமணி நேரங்களுக்குத்தான். குழந்தை வளர்ந்து அளவு மாறும்வரை, இந்தத் தகடு நாளெல்லாம் காலோடு இருக்கிறது.

எல்லாக் குழந்தைகளும் நடப்பார்கள் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. ராபர்ட் பாலிசானோவும் சகாக்களும் 1997இல் இயக்கத் திறனுக்கு வகுத்த ஐந்து நிலைகளை வைத்து, எதை எதிர்பார்க்கலாம் என்று பெற்றோரிடம் நேர்மையாகப் பேசுகிறார்கள். மிகக் கடுமையான ஐந்தாம் நிலையில் உள்ள ஒரு குழந்தை, தலைக்குப் பக்கத்தில் பொருத்திய பெரிய பொத்தானைக் கன்னத்தால் அழுத்தி, மேசை விசிறியைச் சுழலவிட்டாள். காற்று முகத்தில் பட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் எடுத்துவைத்த அடி அது. நடையைவிடச் சிறியதென்று என்னால் எண்ண முடியவில்லை.

இந்த மையத்துக்கு வர முடியாதவர்கள் எத்தனையோ பேர். 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் களப்பணியாளர்கள் டேப்லெட்டோடு கிராமத்து வீடுகளுக்கே போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைச் செயலியில் பதிகிறார்கள். தொலைவிலுள்ள வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிசொல்கிறார்கள். நான் பார்த்த விலையுயர்ந்த இயந்திரத்தைவிட இந்த ஏற்பாடுதான் அதிகக் குழந்தைகளை எட்டும் என்று நம்புகிறேன். அரசும் கொடையாளர்களும் கருவிக்குப் பணம் ஒதுக்கும்போது, அதன் பக்கத்தில் நிற்பவருக்கும் வீடு தேடிப் போகிறவருக்கும் நல்ல சம்பளம் ஒதுக்க வேண்டும்.

கிளம்பும்போது பையனின் அம்மாவிடம் பேசினேன். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வீட்டுச் சுவரோரம் இரண்டு இரும்புக் குழாய்களை அவன் இடுப்புயரத்துக்குப் பொருத்தியிருப்பதாகச் சொன்னார். தெரு வெல்டிங் பட்டறைக்காரர் கூலி வாங்காமல் செய்து தந்தாராம்.

"அந்தக் கோடியில அவன் தண்ணி டம்ளரை வெச்சிருவேன் சார். முன்னெல்லாம் ‘அம்மா தண்ணி’ம்பான், ஓடிப்போய் குடுத்துருவேன். இப்ப மேடம் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க. சமையக்கட்டுலயே நின்னுக்குவேன். அதுதான் கஷ்டம்."

பிறகு மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.