ஒரு செட் என்ன விலை, அண்ணாச்சி?

அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு சொப்புச் செட் என்ன விலை என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. டஜனுக்கு என்ன விலை என்று கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார்கள். ஒற்றைச் செட்டுக்கு விலை சொல்லிப் பழக்கமில்லை. செய்ததை வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். பாபநாசத்திலும் குற்றாலத்திலும் திருச்செந்தூரிலும் கடை வாசலில் அது தொங்கும். எந்த வீட்டுப் பிள்ளை அதை வைத்துச் சோறு பொங்கி விளையாடுகிறது என்பது செய்தவருக்குத் தெரியாது.

நான் பார்க்கப் போன பட்டறையின் அண்ணாச்சி பதினான்கு வயதில் உளி பிடித்தவர். இப்போது அறுபதை நெருங்குகிறார். தன் கையால் செய்த ஒரு பம்பரத்தைக்கூட விளையாடப்போகிற பிள்ளையின் கையில் அவர் விற்றதில்லை. சென்னையில் நடக்கவிருந்த ஒரு கைவினைச் சந்தையில் கடை போட அவருக்கும் அவர் மனைவியான மைனிக்கும் அழைப்பு வந்திருந்தது. அதற்கு அவர்கள் தயாரானதைப் பட்டறையிலும், பிறகு நடந்ததைச் சந்தையிலும் கூடவே இருந்து பார்த்தேன்.

பட்டறை என்பது வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பு. தரையெல்லாம் மரச்சீவல். இந்த ஊர்ச் சொப்புக்குப் பேர் வாங்கித் தந்தது மஞ்சள் கடம்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். இழை நெருக்கமானது, உளிக்கு இணங்கும், சீவிய இடம் வழவழவென்று இருக்கும். மலையடிவாரம் இன்று புலிகள் காப்பகம். மரம் நினைத்தபடி கிடைப்பதில்லை. தேக்குத் துண்டு, ரப்பர் மரம், தைல மரம் என்று கிடைப்பதைக் கடைகிறார்கள். “கடம்புல கடைஞ்ச கைக்கு மத்ததெல்லாம் ரெண்டாந்தரந்தான் தம்பி” என்றார் அண்ணாச்சி. சந்தைக்கென்று எடுத்துவைத்திருந்த கொஞ்சம் கடம்புக் கட்டைகளை நிழலில் உலர்த்தியிருந்தார்.

சொப்பைப் பார்த்தவர்களில் பலர் அதற்குப் பெயின்ட் அடித்திருப்பதாகவே நினைத்திருப்பார்கள். அது அரக்கு. ஜார்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பலாசு, இலந்தை மரக் கொம்புகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைக் கரி அடுப்பில் வாட்டி இளக்கி, நிறப்பொடி தூவி, சவ்வு மிட்டாய் இழுப்பதுபோல இழுத்து மடித்து, மறுபடி இழுத்து, நிறம் ஒன்றுபோல் ஏறியதும் குச்சியாக உருட்டுகிறார்கள். இந்த வேலை முழுக்க மைனியுடையது. விரல் நுனிகள் காய்த்துப்போயிருக்கின்றன.

அண்ணாச்சி ஒரு குட்டிப் பானையைக் கடைந்து முடித்தார். எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சுற்றும் மரத்தின்மேல் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்தினார். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறியது, திட்டுத்திட்டாக. நான்காக மடித்த தாழை மடலை எடுத்து அதன்மேல் வைத்து இடமிருந்து வலமாக ஒரே அழுத்தாக இழுத்தார். திட்டுகள் கரைந்து ஒரே பரப்பாயின. இன்னொரு இழுப்பில் பளபளப்பு வந்துவிட்டது. தூரிகை இல்லை, காயவைக்கும் நேரம் இல்லை. கழற்றிக் கையில் கொடுத்தபோது பானை வெதுவெதுப்பாக இருந்தது.

விலை போடும் பேச்சு ஒரு ராத்திரி முழுக்க நடந்தது. செட்டில் அடுப்பு, பானை, குடம், செம்பு, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, தட்டு, கரண்டி எல்லாம் உண்டு. இதற்கு வியாபாரி தருவது நூற்றைம்பது ரூபாயைத் தாண்டாது. “இருநூறு போடுவோம், அதுக்கு மேல யாரு வாங்குவா” என்றார் அண்ணாச்சி. மைனி நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மரம், அரக்கு, கரண்டுக்காசு, ரயில் டிக்கெட், கடை வாடகை, சென்னையில் தங்க, சாப்பிட. ஒரு செட் கடைய ஏறக்குறைய மூன்று மணி நேரம். “கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி என்ன? அதுல மூணு மணி நேரத்துக்கு என்ன வருது, சொல்லுங்க” என்று கேட்டார். அண்ணாச்சி பேசவில்லை. கணக்கு நானூறைத் தொட்டது. அதிலும் மைனி தன்னுடைய வேலையைச் சேர்க்கவில்லை. அரக்கு இழுப்பது, பிசிறு தேய்ப்பது, செட் சேர்ப்பது, கட்டுவது எதற்கும் அந்த நோட்டில் வரி இல்லை. நான் கேட்டதற்கு, “அது வீட்டு வேலைதான தம்பி” என்றார். கைவினைப் பொருள்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் பார்க்கவில்லை. கடைசியில் அவர்களுடைய மகள்தான் அம்மாவுக்கும் ஒரு தொகை போட்டு 450 என்று எழுதினாள்.

அடையாள அட்டை விஷயமும் அப்படித்தான். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு 2020 டிசம்பரில் விலக்கு தந்தார்கள். அந்தப் பதிவுக்கு அடையாளம் ‘பெஹ்சான்’ அட்டை. சந்தைக்காரர்களும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அண்ணாச்சியிடம் இருந்தது, மைனியிடம் இல்லை. இத்தனை வருடம் அரக்கு இழுத்த கைக்கு அட்டை வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சந்தையிலிருந்து திரும்பியதும் விண்ணப்பித்தார்கள்.

சந்தையில் கிடைத்த இடம் கடைசி வரிசை, சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்னால். புதிதாக வருபவர்களுக்கு அங்கேதான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். சாமானை எல்லாம் மேசைமேல் அடுக்கியதும் அண்ணாச்சி மேசைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் பார்த்தார்கள், தொட்டார்கள், போனார்கள். ஒரு அம்மா விலை கேட்டார். அண்ணாச்சிக்கு 450 என்று சொல்ல வாய் வரவில்லை, மைனி சொன்னார். “பிளாஸ்டிக்ல நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா நடந்தார். அண்ணாச்சியின் முகம் வாடிப்போனது. “குறைச்சுருவமா?” என்று மைனியைப் பார்த்தார்.

அவர்களைத் தூக்கி நிறுத்தியவர் பக்கத்துக் கடைக்காரப் பெண். கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலிருந்து வந்தவர், கொச்சைத் தமிழில் நன்றாகவே பேசினார். அங்கேயும் இதே தொழில்தான். மரம் வெப்பாலை. அரக்கும் தாழை மடலும் ஒன்றே. பல சந்தைகளைப் பார்த்த அனுபவத்தில் மளமளவென்று சொன்னார். நாற்காலியை எடுத்து வெளியே போடுங்கள், கடைக்கு முன்னால் நில்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் பரப்பாதீர்கள், உயரம் வேண்டும். கையில் எடுத்ததும் காசு கொடுக்கத் தோன்றுகிற சின்னச் சாமானை முன்வரிசையில் வையுங்கள். விலையை எழுதி ஒட்டுங்கள். விலை எழுதியிருந்தால் பாதிப் பேர் பேரம் பேச மாட்டார்கள். மைனி அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துத் துண்டை விரித்துப் படி கட்டினார். அதன்மேல் சொப்பும் முன்னால் பம்பரமும் சிமிழும் வந்தன. போட்டிக் கடைக்காரர் இத்தனையும் சொல்லித் தந்ததை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் வேறொரு சிக்கல். குங்குமச் சிமிழ்களின் மூடி பல திறக்கவில்லை. ராத்திரியின் கடல் காற்றில் மரம் ஈரம் குடித்து ஊதியிருந்தது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்குவாக்கில்தான் பெருக்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. அதனால் வட்டம் லேசாக முட்டை வடிவமாகி மூடி இறுகிவிடுகிறது. வியாபாரிக்குப் போட்ட காலத்தில் இந்தக் குறை அண்ணாச்சி காதுக்கு வந்ததே இல்லை. மூடியின் உள்வாயை உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்தார். மைனி வாங்குபவர்களிடம் திறந்து மூடிக் காட்டியே கொடுத்தார்.

அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: “குழந்தை வாயில வச்சா ஒண்ணும் ஆகாதா?” அண்ணாச்சி “எங்க பிள்ளைக எல்லாம் இதத்தான் கடிச்சு வளந்துச்சு” என்பார். படித்த தாய்மாருக்கு அந்தப் பதில் போதவில்லை. அரக்கு உள்ளே போனால் கெடுதல் இல்லை. சில மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாக அதைப் போடுகிறார்கள். கேள்வி அரக்கில் கலக்கும் நிறப்பொடியைப் பற்றியது. ஈயம் முதலான உலோகங்கள் பொம்மையிலிருந்து எவ்வளவுதான் கசியலாம் என்று இந்தியத் தரநிலையில் அளவு உண்டு. மைனி உணவுக்குப் போடும் நிறத்தையே வாங்குகிறவர். அந்தப் பொட்டலத்தையே எடுத்துக் காட்டத் தொடங்கினார். கேட்ட தாய்மார் பொறுமையாக வாசித்துவிட்டு வாங்கினார்கள். விலக்கு உண்டு என்பதற்காக இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சொப்புச் செய்கிற ஒவ்வொருவரும் தன் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

திருப்பம் பழைய கடைசலால் வந்தது. மோட்டார் வருமுன் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மரத்தைச் சுற்றிய கயிற்றை ஒருவர் மாற்றி மாற்றி இழுப்பார். இன்னொருவர் உளி பிடிப்பார். கடைசி வரிசையில் கரண்ட் இணைப்பு தர மறுத்துவிடுவார்களோ என்று பயந்து, அப்பா காலத்துக் கயிற்றுக் கடைசலை அண்ணாச்சி கழற்றி எடுத்து வந்திருந்தார். பயந்தபடியே இணைப்பு கிடைக்கவில்லை. கடைக்கு முன்னால் அதைப் பூட்டினார்கள். மைனி கயிறு இழுத்தார், அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து உளி வைத்தார். கயிறு மரத்தை முன்னும் பின்னுமாகச் சுழற்றும். முன்சுற்றில்தான் உளி வெட்டும். பின்சுற்றில் மயிரிழை விலக்கிக்கொள்ள வேண்டும். வெட்டு, விலகல், வெட்டு, விலகல் என்று அண்ணாச்சியின் மணிக்கட்டு கயிற்றோடு சேர்ந்தே அசைந்தது. சீவல் சுருளாக விழுந்தது. ஒரு கட்டை பம்பரமாவதைப் பார்க்க ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். கயிறு இழுக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தான் கயிறு இழுத்துச் செய்த பம்பரத்தை எந்தப் பிள்ளை விட்டுவிட்டுப் போகும்? விலை அதிகம் என்று யாரும் அதன்பிறகு சொல்லவில்லை.

கூட்டத்தில் ஒரு பாட்டி முன்னால் வந்தார். சின்ன வயதில் பாபநாசம் போய்விட்டு வரும்போது அவருடைய அப்பா ஓலைப் பெட்டியில் சொப்பு வாங்கித் தந்தாராம். மணப்பாடு பக்கம் முடைந்த ஓலைப் பெட்டியில்தான் மைனியும் செட்டை அடுக்கியிருந்தார். திருகையை எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்று செட் வாங்கினார் பாட்டி, அமெரிக்காவிலிருக்கும் பேத்திகளுக்கு. “நீங்கதான் செய்யிறதா?” என்று அண்ணாச்சியைக் கேட்டார். “நானும் இவளுந்தான்” என்றார் அண்ணாச்சி. அவர் வாயிலிருந்து அந்தப் பதிலை நான் முதல்முறையாக அங்கேதான் கேட்டேன்.

கடைசி நாள் மாலையில் ஒருவர் வந்து மிச்சத்தை எல்லாம் செட் நூற்றெண்பதுக்கு மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சுமை குறையும், ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. அண்ணாச்சி மைனியைப் பார்த்தார். மைனி சாமானைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். அந்த விலைக்கு ஒன்றும் விற்கவில்லை. பெரும் லாபம் என்று சொல்ல முடியாது. வாடகையும் பயணச் செலவும் போக, ஊரில் அதே நாள்களில் டஜன் கணக்கில் கடைந்திருந்தால் கிடைப்பதைவிடக் கூடுதலாக நின்றது, அவ்வளவுதான். ஊருக்கு வந்ததும் பழைய வியாபாரியிடம் புதிய விலை சொன்னார்கள். முழுதும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் ஏற்றித் தர அவர் ஒப்புக்கொண்டார்.

கைவினைச் சந்தை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதல்முறை வருபவர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளாதீர்கள். வாசல் பக்கம் ஓர் இடமும் ஒரு மின் இணைப்பும் கொடுத்து, அங்கேயே வேலை செய்ய விடுங்கள். வாங்கப் போகிறவர்களும் செய்தவர் எதிரில் நின்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். குறை இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். அடுத்த செட்டில் திருத்திவிடுவார்.