ஏழடிப் படகில் எத்தனை மூடி!

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டனைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால், வேல்ஸ் எல்லையிலுள்ள லாங்கோலன் கால்வாயில் சில நாள் படகில் போய்ப் பாருங்கள். பொன்ட்கசுல்தே என்ற இடத்தில், டீ நதிக்கு மேலே 126 அடி உயரத்தில், இரும்புத் தொட்டிக்குள் கால்வாய் ஓடுகிறது! 1805-ல் திறந்த பாலம் அது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பி வேலியும் உண்டு. மறுபக்கம்? படகின் விளிம்புக்கு அப்பால் வெறும் ஆகாயம். தலை சுற்றுகிறவர்கள் உள்ளே போய்க் காப்பி போடலாம்.

வாடகைக்கு எடுத்தால் படகை ஓட்டுவது நீங்கள்தான். நீளம் 70 அடி வரை இருக்கும்; அகலமோ ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த ஒடுக்கத்தில் குடும்பமே வசிக்க வேண்டுமல்லவா? அதனால் உட்காரும் பலகையைத் தூக்கினால் பெட்டி. படியைத் தூக்கினால் பெட்டி. மாமியார் வீட்டுப் பரண்கூட இத்தனை சாமானை விழுங்காது.

ஆனால் அந்த ஊர் மழை பொல்லாதது. முன்தளத்துப் பெட்டியில் வைத்த கம்பளி காலையில் சொதசொதவென்று இருந்தால், உடனே மூடியின் ரப்பரைத் திட்டாதீர்கள். மூடியின் விளிம்புக்கடியில் சின்ன வாய்க்கால் இருக்கும். மழைநீர் அதில் இறங்கி ஒரு துளை வழியே வெளியேற வேண்டும். ஒரு சருகு போதும், துளை அடைத்துக்கொள்ள! ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். துளை சரியாக இருந்தால், பெட்டியின் விளிம்பில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, மூடியை அழுத்தி மூடித் திறவுங்கள். ரப்பரில் எங்கே வெள்ளைக் கோடு விழவில்லையோ அங்கேதான் தண்ணீர் நுழைகிறது. அந்த இடத்தில் ரப்பர் நசுங்கியிருக்கும். அல்லது கீலின் திருகு தளர்ந்து மூடி கோணியிருக்கும். கோணிய மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து கொக்கியை மாட்டுவது நம் டிரங்குப் பெட்டிக்குச் சரி. இங்கே கொக்கிதான் உடையும்.

கம்பளி நனைந்தால் காயவைக்கலாம். இரண்டு மூடிகள் விஷயத்தில் மட்டும் அலட்சியம் ஆகவே ஆகாது.

ஒன்று, காஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டி. பெரும்பாலும் முன்முனையில் இருக்கும். நம் சமையல் காஸைப் போலவே அதுவும் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடியில்தான் தேங்கும். ஆகவே பெட்டியின் அடியில் படகுக்கு வெளியே திறக்கும் துளை வைத்திருக்கிறார்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று கயிற்றையும் பையையும் அங்கே திணித்துத் துளையை அடைத்துவிடாதீர்கள். குளிர்காற்று வருகிறதென்று அதில் துணி செருகுவது அதைவிட ஆபத்து.

மற்றொன்று பின்புறம், சுழல்விசிறிக்கு நேர் மேலே இருக்கும் மூடி. கால்வாயில் கிடக்கும் பாசி, கந்தல், பிளாஸ்டிக் பை எல்லாம் விசிறியில் சுற்றிக்கொள்ளும். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டபின்தான் மூடியைத் திறந்து கைவிட வேண்டும். திரும்ப மூடும்போது அவசரம் வேண்டாம். மூடி சரியாக உட்காராமல் என்ஜினை ஓட்டினால், விசிறியே தண்ணீரை வாரி உள்ளே இறைக்கும். அப்படி மூழ்கிய படகுகள் உண்டு. திருகை இறுக்கி, மூடி அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். பிறகு என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஓரத்தில் ஈரம் கசியவில்லை என்று கண்ணால் கண்டபின் கரைக்கயிற்றை அவிழ்க்கலாம்.