குளிரால் வந்த இருமல் இல்லை

வெள்ளி, தலவாக்கலை

போயா லீவு சனி ஞாயிறோடு சேர்ந்துகொண்டதால் வீட்டுக்கு வந்தேன். பையைக்கூட இறக்கவில்லை, பக்கத்து லயத்து அக்கா கிளினிக் கொப்பியோடு வந்துவிட்டார். மகனுக்கு மூன்று வயது. கொப்பியில் ஒரே கதைதான்: காதில் சீழ், நெஞ்சுச் சளி, நியூமோனியா, வார்ட், அன்டிபயோட்டிக், வீடு, மறுபடி வார்ட். ஆனால் முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசியைத் தவிர ஒன்றுமே இல்லை. அந்த ஆறு மாதம்தான் எனக்கு உறுத்தியது. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வாங்கிய பிறபொருளெதிரிகள் தீரும்வரை பிள்ளை நன்றாகத்தான் இருக்கும்.

"குளிருதான் தங்கச்சி, வேற என்னா" என்றார். இந்த ஊரில் யாருக்கு இருமல் இல்லை? அதனால் எந்த இருமலையும் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. மூத்த மகன் ஒன்றரை வயதில் இப்படித்தான் போனானாம். அக்காவின் தம்பி ஒருவனும் சின்னதிலேயே. எல்லாம் ஆண் பிள்ளைகள், எல்லாம் தாய்வழி.

இந்தத் தடவை பார்த்த டாக்டர் கெட்டிக்காரர். டோர்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தவர், "டொன்சில் இருக்கிற மாதிரியே தெரியல்லையே" என்றாராம். கொழும்புக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். டொன்சில் பெரும்பாலும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் பி கலங்களால் நிறைந்த சதை. அவை இல்லாவிட்டால் அதுவும் வளராது.

சனி

ரத்தத்தை எடுத்து உங்கள் லேபில் என்னதான் பார்ப்பீர்கள் என்று அக்கா கேட்டார். வெள்ளை அணுக்களில் பல சாதி, மைக்ரோஸ்கோப்பில் டி கலமும் பி கலமும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் மேல்தோலில் இருக்கும் புரதம் வேறு என்றேன். டி கலத்தில் சீடி 3, பி கலத்தில் சீடி 19. அந்தந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைக் கட்டி விட்டால், யார் யார் என்று வெளிச்சமே சொல்லிவிடும். பிறகு லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிடுவோம்.

"கொழுந்து நிறுக்கிறப்ப லைன்ல வர்ற மாதிரியா?"

அதேதான், ஆனால் ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

இரவு படுத்தபடி யோசித்தேன். பிறபொருளெதிரியில் சாயம் கட்டலாம் என்று ஆல்பர்ட் கூன்ஸ் காட்டியது 1941இல். அவர் தேடிப் பிடித்த கிருமி நியூமோகொக்கஸ். 1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஒக்டன் புரூட்டன், எட்டு வயதுப் பையன் ஒருவனின் குருதியில், பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபியூலினே இல்லை என்று கண்டார். அவனைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியதும் அதே நியூமோகொக்கஸ். இரண்டு கதையும் ஒரே மேசையில் சந்திக்க 1975 வரவேண்டியிருந்தது. அந்த ஆண்டு கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். அது இல்லாமல் சீடி 19 என்று நம்பிக்கையோடு ஒரு கலத்தைச் சுட்டவே முடியாது.

திங்கள், கொழும்பு

அக்கா நேற்றே என்னோடு ரயிலில் வந்துவிட்டார். மலையில் எடுத்து அனுப்பவும் செய்யலாம், ஆனால் இந்த ரத்தத்தை ஐஸில் வைக்கக்கூடாது, ரொம்ப நேரம் வைத்திருக்கவும் கூடாது, கலங்கள் சாகும். பிள்ளையே வந்தது நல்லது.

ஊதா மூடிக் குழாயிலிருந்து 100 மைக்ரோலீற்றர். சீடி 3க்குப் பச்சைச் சாயம், சீடி 19க்கு பைக்கோஎரித்ரின். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் புரதம் அது, 488 நனோமீற்றர் நீல லேசர் பட்டால் செம்மஞ்சளாய் ஒளிரும். இருட்டில் கால் மணித்தியாலம் வைத்து, சிவப்பு அணுக்களை உடைக்கும் திரவம் ஊற்றினேன். கலங்கலாக இருந்தது கண்முன்னே தெளிந்து கண்ணாடியானது. எத்தனை தரம் செய்தாலும் இந்தக் கட்டத்தில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் சுகதேகி ஒருவரின் ரத்தத்தை ஓட்டினேன். டி கலக் கூட்டம் கீழே வலப்புறம், பி கலக் கூட்டம் மேலே இடப்புறம். சரி. அடுத்து பிள்ளையுடையது. டி கலங்கள் தாராளமாக வந்தன. மேல் மூலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில புள்ளிகள். இந்த வயதில் நிணநீர்க்குழியங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அங்கே இருக்கவேண்டும். சாயம் போட மறந்தேனோ என்று புதிதாக இன்னொரு குழாய் தயாரித்தேன். அதுவும் அப்படியே.

மத்தியானம் அக்கா கன்டீன் பக்கம் பிள்ளைக்குப் பணிஸ் ஊட்டிக்கொண்டிருந்தார். "என்னா தங்கச்சி, பாத்தியா?" "டாக்டர்தான் சொல்லணும் அக்கா." அது விதி. அந்த விதியை வைத்தவர்களுக்கு இன்று நன்றி சொன்னேன்.

ஞாயிறு, தலவாக்கலை

டாக்டர் சொல்லிவிட்டாராம். மூன்று நான்கு கிழமைக்கு ஒருதரம் இம்யூனோகுளோபியூலின் ஏற்றவேண்டும், ஆயுள் முழுக்க. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த பிறபொருளெதிரி அது. இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: கைக்குழந்தைத் தங்கைக்கு அடுத்த போலியோ சொட்டு வேண்டாம், ஊசிதான். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ், தங்கையிடமிருந்து அண்ணனுக்குத் தொற்றலாம். நமக்கே இது சட்டென்று தோன்றாது.

அக்கா அழவில்லை. கணக்குப் போட்டார்: கிளினிக் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், அவர் வீட்டுக்காரரும் வந்தால் இரண்டு. பிறகு, "எங்கிட்டேயிருந்தா வந்துச்சு?" என்றார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். பழுது இருப்பது பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோமில், பிடிகே என்ற மரபணுவில், 1993இல் கண்டுபிடித்தது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் பொதுவாக நோய் வராது. ஆனால் தெரிந்துகொள்ள வழி உண்டு. மொனோசைட் கலத்தின் சுவரைத் துளைத்து உள்ளே பிடிகே பிறபொருளெதிரியை விட்டால், மகனுடையதில் பெரும்பாலும் ஒளி இராது. பழுதைச் சுமக்கும் தாயுடையதில் சில கலம் ஒளிரும், சில ஒளிராது. ஒவ்வொரு கலமும் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடுவதால் திரையில் இரண்டு மேடு தெரியும்.

"அப்ப என்னயும் பாக்கச் சொல்லு. அவளயும்."

அவள் என்றது போகவந்தலாவையில் கட்டிக்கொடுத்த தங்கை. அஞ்சாம் மாதம். டாக்டருக்கு என்ன எழுதுவது என்று இருவருமாக உட்கார்ந்து, குடும்பத்தில் செத்த ஆண் பிள்ளைகளின் வயதுகளைக் கொப்பியின் கடைசித் தாளில் வரிசையாக எழுதினோம்.