ஏரஸ்துவின் கல்லும் பெயரில்லாத தக்களியும்



கிரேக்க தேசத்துக் கொரிந்து பட்டணத்தில், பழைய அரங்கத்தின் அருகே, 1929ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கல்தளத்தைத் தோண்டி வெளிக்கொணர்ந்தார்கள். லத்தீன் மொழியில் ஒரு சாண் அளவுக்குப் பெரிய எழுத்துக்கள். ஏரஸ்து என்பவன், தனக்குக் கிடைத்த நகரப் பதவிக்கு ஈடாக, தன் சொந்தச் செலவில் அத்தளத்தைப் பாவினான் என்பது செய்தி. எழுத்துக்களின் குழிகளில் ஒருகாலத்தில் வெண்கலம் பதிக்கப்பட்டிருந்தது. இன்று வெண்கலம் இல்லை. வெறுங்குழிகள் மட்டுமே உள்ளன. கல்வெட்டின் தொடக்கமும் உடைந்துபோயிற்று.

ரோமர் 16:23இல் பவுல் குறிப்பிடும் பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து இவன்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கல்லில் உள்ள பதவிப்பெயரும் பவுலின் கிரேக்கச் சொல்லும் ஒன்றல்ல. அவ்வாதம் முடியாமலிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. என் மனம் நிற்பது அதே வசனத்தில் அவனுக்கு அடுத்து வரும் குவர்த்துவிடம். அவனுக்குப் பதவியில்லை, தளமில்லை. சகோதரன் என்கிற ஒரே சொல்லோடு அவன் சரித்திரம் முடிந்துவிடுகிறது. வேதாகமத்தில் வேறெங்கும் அவனைக் காணோம்.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் நாம் இத்தகையவற்றைக் காண கொரிந்துவுக்குப் போகவேண்டியதில்லை. வேம்பக்கோட்டை அருகே, வைப்பாற்றின் வடகரையிலுள்ள விஜயகரிசல்குளத்தில், 2022 மார்ச் மாதம் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. மூன்றாம் கட்டப் பணி 2024 ஜூன் மாதம் தொடங்கிற்று. சங்கு வளையல் துண்டுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், பிள்ளைகள் விளையாடிய சில்லுவட்டுகள் என்று ஆயிரக்கணக்கான சிறுபொருள்கள் கிடைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிற்சுவர்கள் கொடையாளிகளின் பெயர்களைக் கல்லில் காத்துவைத்திருக்கின்றன. இம்மேட்டுப் பொருள்களோ, தங்களை அணிந்தவர் யார், வைத்து விளையாடியவர் யார் என்று சொல்வதில்லை.

சபையார் சிலரோடு அவற்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். நூற்பாலையில் வேலைசெய்யும் ஒரு சகோதரி, நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களியின் முன் நெடுநேரம் நின்றார். நடுவில் துளையுள்ள சிறு வட்டு அது. கதிரின் அடியில் கோத்துச் சுழற்றினால் பஞ்சு முறுக்கேறி இழையாகும். "எங்கள் மில்லில் ஓடுகிற கதிருக்கெல்லாம் இதுதான் பாட்டியா, ஐயா?" என்றார். ஆம் என்றேன். பின்பு தாழ்ந்த குரலில், "இதை வைத்து நூற்றவள் பெயர் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது தக்களியைப் பற்றி மட்டுமன்று என்பதை நான் அறிந்திருந்தேன். அவருடைய கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. கல்லறை கட்ட வசதியில்லை. நட்டுவைத்த மரச்சிலுவையைக் கரையான் அரித்துவிட்டது. பெயரெழுதிய வண்ணமும் உதிர்ந்துபோயிற்று. பக்கத்துக் கல்லறைகளில் பளிங்குக்கல் மின்னுகிறது. ஒவ்வொரு நவம்பர் மாதமும் கல்லறைத் திருநாளன்று பூ வைக்க வரும்போது, இன்னும் எத்தனை நாள் இடம் நினைவிருக்கும் என்று அவர் அஞ்சுகிறார். பெயர் பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்வது எனக்கு எளிது. அது மெய்யுங்கூட. ஆனாலும் மண்மேட்டைத் தேடி நிற்கிற ஒருவரிடம் அதை அவசரமாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. குவர்த்துவைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்தப் பெயரை இருமுறை உச்சரித்துப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையின் அடக்கப் பதிவேட்டை எடுத்து, அவருடைய கணவரின் பெயருள்ள பக்கத்தைத் திறந்துவைத்தேன். அவர் விரலால் அவ்வரியைத் தொட்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார். தகப்பன் பெயரில் ஓரெழுத்து விட்டுப்போயிருந்தது. பேனாவைக் கேட்டு வாங்கி, தாமே அதைச் சேர்த்தார்.